மாமனார் காலத்து ஆக்சஸ் புரோகிராம்: வைத்திருப்பதா, மாற்றுவதா?

பல்லடம் வட்டாரத்து வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். பெயரையும் ஊரையும் வெளியிட வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டதால், அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றி, கடிதத்தின் சாரத்தை மட்டும் தருகிறேன்.

அவருடைய மாமனார் 1986-இல் 16 விசைத்தறிகளை வைத்துத் தொடங்கிய தொழில், இன்று சோமனூர், மங்கலம் பக்கத்துக் கூலி விசைத்தறியாளர்கள் 140 பேருக்குப் பாவும் (நீளவாக்கு நூல்) ஊடை நூலும் (குறுக்கு நூல்) கொடுத்துத் துணியாகத் திரும்பப் பெறும் ஜவுளி உற்பத்தி நிறுவனமாக வளர்ந்திருக்கிறது. 2018-இல் அதைப் பிரைவேட் லிமிடெட்டாகப் பதிவு செய்திருக்கிறார்கள். ஆண்டு விற்றுமுதல் 14 கோடி ரூபாய். பாவுக் கணக்கு, நூல் இருப்பு, துணி வரவு, கூலிப் பட்டுவாடா, விற்பனை பில் என எல்லாமே ஒரே புரோகிராமில் நடக்கின்றன. 2001-இல் ஒருவர், தரவுகளை அட்டவணைகளாக வைத்து நடத்த உதவும் மைக்ரோசாஃப்ட் ஆக்சஸில் எழுதிக் கொடுத்து, பிறகு ஆண்டுதோறும் திருத்திக்கொண்டே வந்த புரோகிராம் அது. மாதக் கடைசியில் மொத்தத் தொகைகளை மட்டும் டேலியில் ஏற்றுகிறார்கள். எழுதியவருக்கு இப்போது 67 வயது. மகனோடு ஓசூரில் இருக்கிறார். அவர் நிறுவனத்தில் சம்பளத்துக்கு இருந்தவர் அல்லர். வந்துபோகும்போது வேலைக்கேற்பப் பணம் வாங்கிக்கொண்டவர். எழுத்தில் ஒப்பந்தம் எதுவும் இல்லை.

“போன அக்டோபர் கடைசியில் புதுக் கம்ப்யூட்டர் ஒன்று வாங்கினோம், சார். அதில் எங்கள் புரோகிராம் திறக்கவே இல்லை. விற்றவரிடம் கேட்டால், ‘ஆக்சஸை மைக்ரோசாஃப்ட் மூடிருச்சுங்க, இனி எதுவும் ஓடாதுங்க’ என்று சொல்லிவிட்டார். இந்த ஆண்டிலேயே இரண்டு முறை கோப்பு கெட்டுப்போனது. இரண்டாவது முறை, வெள்ளிக்கிழமை மாலை வரை ஏற்றிய இரண்டு நாள் கூலிக் கணக்கை மறுபடி ஏற்றித்தான் சனிக்கிழமை பட்டுவாடா செய்தோம்” என்று எழுதுகிறார். தொழிலின் எல்லாக் கணக்கையும் ஒரே இடத்தில் நடத்தும் இஆர்பி மென்பொருளை விற்கும் ஒரு நிறுவனம் 16 லட்சமும், ஆண்டுக்கு இரண்டரை லட்சமும் கேட்கிறது. கணவரின் நண்பர் ஒருவர், பழைய புரோகிராமின் பூட்டை உடைத்து உள்ளே இருப்பதை எடுத்து, இணையத்தில் ஓடும்படி புதிதாக எழுதித் தருவதாகச் சொல்கிறார். மாமனாரோ, “இத்தனை வருசத்துல ஒரு பாவுகூடக் கணக்குல தப்புனதில்ல, அதைய எதுக்கு மாத்தோணும்” என்கிறார். இந்த மூன்று குரல்களுக்கு நடுவே நின்றுகொண்டு, “இந்த மாதிரி மேசைக் கணினி மென்பொருளுக்கு இனித் தொழிலில் எதிர்காலம் உண்டா?” என்று வாசகி கேட்கிறார்.

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கேள்விக்கு நேரடியான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன்: ஆக்சஸ் மூடப்படவில்லை. ஆனால் அதை நீங்கள் பயன்படுத்திவரும் விதம் நீடிக்க முடியாதது. இந்த இரண்டையும் பிரித்துப் பார்த்தால், உங்கள் வீட்டில் நடக்கும் விவாதத்தில் பாதி தானாகவே தீர்ந்துவிடும்.

மூடப்பட்டது எது?

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு மைக்ரோசாஃப்ட் ஆதரவை நிறுத்தியது ஆபிஸ் 2016, ஆபிஸ் 2019 ஆகிய இரண்டு பதிப்புகளுக்கு. அவற்றுக்குள் இருந்த ஆக்சஸ் 2016, ஆக்சஸ் 2019 பதிப்புகளும் அதில் அடங்கும். அதே நாளில் விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவும் முடிந்தது. மூன்று செய்திகளும் ஒரே நாளில் வந்ததால், கடை வீதியில் அது “ஆக்சஸ் போச்சு” என்ற ஒரே செய்தியாகிவிட்டது. உண்மையில் ஆக்சஸ் இன்றும் மைக்ரோசாஃப்ட் 365 வணிகச் சந்தாக்கள் பலவற்றில் விண்டோஸ் கணினிகளுக்குக் கிடைக்கிறது. சந்தா இல்லாமல் நிறுவனங்களுக்கு விற்கப்படும் ஆபிஸ் எல்டிஎஸ்சி 2024 பதிப்பில் உள்ள ஆக்சஸுக்கு 2029 அக்டோபர் வரை ஆதரவு உண்டு.

அப்படியானால் உங்கள் புதுக் கணினியில் ஏன் திறக்கவில்லை? நீங்கள் கடிதத்தோடு அனுப்பிய பிழைச் செய்தியின் படத்தைப் பார்த்தேன். உங்கள் புரோகிராம், நிரல் பூட்டப்பட்ட எம்டிஇ வகைக் கோப்பாக இருக்கிறது. ஆபிஸ் 32 பிட், 64 பிட் என்று இரண்டு வகையாக வருகிறது. உங்களுடையது 32 பிட் ஆபிஸில் தயாரானது. இப்போது ஆபிஸை நிறுவினால், நாம் வேறு எதையும் தேர்ந்தெடுக்காதவரை, 64 பிட் பதிப்பே நிறுவப்படும். 32 பிட்டில் தயாரான எம்டிஇ கோப்பை 64 பிட் ஆக்சஸ் திறக்காது. அந்தக் கணினியில் உள்ள ஆபிஸை நீக்கிவிட்டு, 32 பிட் பதிப்பை நிறுவச் சொல்லுங்கள். அநேகமாக அன்றைக்கே திறந்துவிடும். பதிவு மட்டும் செய்யும் மேசைகளுக்கு, புரோகிராமை ஓட்ட மட்டும் மைக்ரோசாஃப்ட் இலவசமாகத் தரும் ஆக்சஸ் ரன்டைம் போதும். அதிலும் 32 பிட்டையே தேர்ந்தெடுக்க வேண்டும்.

உண்மையாகவே மூடப்பட்ட ஒன்று எப்படி இருக்கும் என்பதை எங்கள் தலைமுறை நேரில் பார்த்திருக்கிறது. 1990-களில் நான் கோவையில் நூல் கடைகளுக்கும் பம்ப் தொழிற்கூடங்களுக்கும், ஆக்சஸைப் போன்ற இன்னொரு தரவுத்தள மென்பொருளான ஃபாக்ஸ்புரோவில்தான் எழுதிக் கொடுத்தேன். ஃபாக்ஸ்புரோவை 1992-இல் மைக்ரோசாஃப்ட் வாங்கியது. ஆக்சஸின் முதல் பதிப்பு வெளிவந்ததும் அதே ஆண்டில்தான். விஷுவல் ஃபாக்ஸ்புரோவின் ஒன்பதாம் பதிப்பு 2004-இல் வந்தது. அடுத்த பதிப்பு வராது என்று 2007-இல் அறிவித்தார்கள். 2015 ஜனவரியில் ஆதரவு முடிந்தது. டாஸ் காலத்து ஃபாக்ஸ்புரோவை 64 பிட் விண்டோஸ் நேரடியாக ஏற்பதே இல்லை. ஆக்சஸுக்கு இப்படி ஓர் அறிவிப்பு வரவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இணையத்துக்கு மாறிவிட்டால் நிரந்தரம் என்று உங்கள் கடிதத்தில் இரண்டு இடங்களில் எழுதியிருக்கிறீர்கள். ஆக்சஸிலேயே இணையத்தில் ஓடும் செயலிகளை உருவாக்கும் வசதியை மைக்ரோசாஃப்ட் கொடுத்தது. அதை நம்பி மாறியவர்களுக்கு 2018 ஏப்ரலில் அந்த வசதி நிறுத்தப்பட்டது. மேசைக் கணினியில் இருந்த பழைய ஆக்சஸ் தொடர்ந்து ஓடிக்கொண்டிருந்தது. இணையச் சேவையை நான் குறை சொல்லவில்லை. அதை நிறுத்தும் முடிவு உங்கள் கையில் இருக்காது என்பதை நினைவில் வைத்துக்கொண்டு ஒப்பந்தம் போடுங்கள் என்கிறேன்.

கோப்பு இரண்டு முறை கெட்டது ஏன்?

“ஆக்சஸ் பழசாகிவிட்டதால் கெட்டுப்போகிறது” என்று நீங்கள் நினைப்பது சரியல்ல. நீங்கள் விவரித்த ஏற்பாட்டில் புத்தம் புதிய ஆக்சஸும் கெட்டுத்தான் போகும். மேனேஜரின் கணினியில் ஒரு ஃபோல்டர்; தரவுக் கோப்போடு அதில் இருக்கும் ஒரே புரோகிராம் கோப்பை ஒன்பது மேசைகளிலிருந்தும் திறக்கிறீர்கள்; அவற்றில் மூன்று மடிக்கணினிகள் வைஃபையில் இணைந்திருக்கின்றன. ஆக்சஸ் கோப்பில் எழுதும் வேலையை அந்தந்த மேசைக் கணினியே, வலைப்பின்னல் வழியாக, நேரடியாகச் செய்கிறது; நடுவில் நின்று ஒழுங்குபடுத்த யாரும் இல்லை. எழுதிக்கொண்டிருக்கும்போது வைஃபை ஒரு நொடி விட்டுப்போனாலும், கரன்ட் போய் யூபிஎஸ் இல்லாத ஒரு மேசை அணைந்தாலும், பாதி எழுதிய பக்கம் கோப்புக்குள்ளேயே நின்றுவிடுகிறது.

ஆகவே, பெரிய முடிவு எதையும் எடுப்பதற்கு முன்பே, இந்த வாரத்தில் செய்யக்கூடியவை சில இருக்கின்றன. புரோகிராம் கோப்பின் பிரதியை ஒவ்வொரு மேசையிலும் தனித்தனியாக வையுங்கள். தரவுக் கோப்பு மட்டும் பொது இடத்தில் இருக்கட்டும். மூன்று மடிக்கணினிகளுக்கும் கேபிள் இழுத்துவிடுங்கள். மேனேஜர் நாள் முழுவதும் வேலை செய்யும் கணினியிலேயே தரவை வைக்காமல், அதற்கென்று ஒரு கணினியை யூபிஎஸ்ஸோடு ஒதுக்குங்கள். இரவில் எல்லோரும் வெளியேறிய பிறகு, முதலில் ஒரு நகல் எடுத்துவிட்டுக் கோப்பைச் சுருக்கிச் சீர்செய்யும் வசதியை ஓட்டுங்கள்.

தரவுக் கோப்பு 1.3 ஜிபி என்றால் ஆக்சஸின் 2 ஜிபி வரம்புக்கு இன்னும் இடம் இருக்கிறது என்று ஆறுதல் கொள்ள வேண்டாம். ஆண்டுக் கடைசி அறிக்கைகளை எடுக்கும்போது தற்காலிக வேலைக்காகக் கோப்பு வீங்கும். வரம்பைத் தொட்டுவிட்டால் அதன் பிறகு ஒரு வரிகூட ஏற்ற முடியாது. கணக்காளர் சனிக்கிழமை மாலை பென் டிரைவில் நகல் எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோகும் பழக்கமும் நிற்க வேண்டும். அந்தக் கோப்பில் 140 பேருடைய வங்கிக் கணக்கு எண்ணும் ஆதார் எண்ணும் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். தனிநபர் தரவுப் பாதுகாப்புக்கு 2023-இல் சட்டம் இயற்றப்பட்டிருக்கும் நாட்டில், அது பஸ்ஸில் தொலைந்துபோகக்கூடிய பொருளாக இருக்கக் கூடாது.

பணம் கொடுத்துவிட்டால் புரோகிராம் நம்முடையதா?

உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் கவலைப்படுத்திய வரி இதுதான்: “இருபது ஆண்டுக்கு மேலாகப் பணம் கொடுத்திருக்கிறோம், புரோகிராம் எங்களுடையதுதானே, உடைத்தால் என்ன தப்பு?”

1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தில் கணினி நிரல் இலக்கியப் படைப்பு என்ற வகைக்குள் வருகிறது. பணியாளர் ஒருவர் தன் வேலையின் பகுதியாக எழுதியிருந்தால், மாறான ஒப்பந்தம் இல்லாத நிலையில், அதன் முதல் உரிமையாளர் முதலாளிதான். உங்களுக்கு எழுதிக் கொடுத்தவரோ பணியாளர் அல்லர். வெளியிலிருந்து வந்து செய்து கொடுத்தவர். அப்படிப்பட்டவர் எழுதியதன் பதிப்புரிமை, அவர் எழுத்து மூலம் மாற்றிக் கொடுக்காதவரை அவரிடமே இருக்கும். அதைத் தொழிலில் பயன்படுத்தவும் காப்புக்காக நகல் எடுத்து வைக்கவும் உங்களுக்கு உரிமை உண்டு. பூட்டை உடைத்து, நிரலை வெளியே எடுத்து, அதை வைத்து வேறொருவர் புதிதாக எழுதி விற்பது அந்த உரிமைக்குள் அடங்காது. உள்ளே இருக்கும் தரவு வேறு விஷயம். எந்தப் பாவு யாருக்குப் போனது, யாருக்கு எவ்வளவு கூலி பாக்கி என்பதெல்லாம் உங்கள் தொழிலின் கணக்கு. தரவுக் கோப்பின் கடவுச்சொல்லைக் கேட்டு வாங்குவதில் தயக்கம் வேண்டாம்.

நிரலையும் உடைப்பதற்குப் பதில் கேட்டே வாங்குங்கள். கடைசியாகப் பேசியபோது, தொகை ஒன்று கொடுத்தால் மூல நிரலைத் தருவதாக அவர் சொன்னதாகவும், “இத்தனை நாள் வாங்கியது போதாதா” என்று உங்கள் கணவர் கோபப்பட்டதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அவர் கேட்டதில் எனக்கு நியாயம் தெரிகிறது. பூட்டப்படாத மூல எம்டிபி கோப்பு அவரிடம் மட்டுமே இருக்கிறது. அது இல்லாமல் ஒரு படிவத்தில் ஒரு கட்டத்தைக்கூட உங்களால் மாற்ற முடியாது. அவர் கேட்கும் தொகை, இஆர்பி நிறுவனம் கேட்கும் ஓராண்டுப் பராமரிப்புக் கட்டணத்தைவிடக் குறைவு.

கொடுக்கும்போது முறையாக எழுதிக்கொள்ளுங்கள். உரிமை மாற்றம் எழுத்தில், அவர் கையெழுத்தோடு இருக்க வேண்டும். காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டுகள் என்றும், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் சட்டம் எடுத்துக்கொள்ளும். எனவே பதிப்புரிமையின் முழுக் காலத்துக்கும் என்று தெளிவாக எழுதச் சொல்லுங்கள். அந்தக் காலம் எழுதியவரின் ஆயுளும் அதற்குப் பின் 60 ஆண்டுகளும் ஆகும். இதைச் சொல்வது கடினமாக இருந்தாலும் சொல்லத்தான் வேண்டும்: அவர் காலத்துக்குப் பிறகு உரிமை வாரிசுகளுக்குப் போகும், அப்போது ஓசூரில் உள்ள மகனிடம், தான் பார்த்தேயிராத ஒரு கோப்பைத் தேடித் தரச் சொல்லி நிற்பீர்கள். பத்திரத்தை ஒரு வழக்கறிஞர் எழுதட்டும். ஒரு நாள் வேலை அது.

ஆடிட்டரிடம் இந்த மாதமே கேளுங்கள்

ஆக்சஸின் எதிர்காலத்தைப் பற்றி யோசித்த நீங்கள் மூவரும், 2018-இல் நிறுவனமாக மாறியதால் என்ன மாறியது என்பதைக் கவனிக்கவில்லை என்று எனக்குப் படுகிறது. 2023 ஏப்ரல் 1 முதல், கம்பெனிகள் கணக்குப் புத்தகங்களைப் பராமரிக்கும் மென்பொருளில், ஒவ்வொரு பரிவர்த்தனையும் பிறகு செய்யப்பட்ட ஒவ்வொரு மாற்றமும் தேதியோடு பதிவாக வேண்டும். அந்தப் பதிவை நிறுத்திவைக்கும் வசதி இருக்கக் கூடாது. தணிக்கையாளர் தன் அறிக்கையில் இதைப் பற்றித் தனியாகக் கருத்துச் சொல்ல வேண்டும். தனி உரிமையாளர் தொழிலுக்கும் கூட்டாண்மைத் தொழிலுக்கும் இந்த விதி இல்லை; உங்களுக்கு உண்டு.

“எங்கள் கணக்கு டேலியில்தானே இருக்கிறது” என்பீர்கள். நீங்கள் டேலியில் ஏற்றுவது மாதத்தின் மொத்தத் தொகை. ஒவ்வொரு பில்லும் ஒவ்வொரு கூலிச் சீட்டும் பிறப்பது ஆக்சஸில். அப்படி விற்பனை ஒரு மென்பொருளிலும் தொகுப்பு இன்னொன்றிலும் இருந்தால், முதல் மென்பொருளும் இந்த விதிக்குள் வரும் என்பதே பட்டயக் கணக்காளர் கழகத்தின் வழிகாட்டல். உங்கள் புரோகிராமில், போன மாதக் கூலிச் சீட்டை இன்று திறந்து தொகையை மாற்றினால் ஒரு தடயமும் நிற்காது. கணக்குப் புத்தகங்களின் காப்பு நகல் இந்தியாவில் உள்ள சர்வரில் தினந்தோறும் வைக்கப்பட வேண்டும் என்ற விதியும் 2022-இல் வந்திருக்கிறது. வாரம் ஒரு பென் டிரைவ் அதற்கு ஈடாகாது.

இதற்கு என் யோசனை: விற்பனை பில்லையும் கூலி வவுச்சரையும், மாற்றங்களைப் பதியும் டேலிப் பதிப்புக்குள் தினசரி வரிவரியாகக் கொண்டுபோய்விடுங்கள். இப்போது ஒரே பில்லை ஆக்சஸில் ஒரு முறையும், ஜிஎஸ்டிக்கான இ-இன்வாய்ஸ் தளத்தில் மறுபடி ஒரு முறையும் கையால் தட்டுவதாக எழுதியிருக்கிறீர்கள். அந்த இரட்டை வேலையும் ஒழியும். விற்றுமுதல் 10 கோடிக்கு மேல் இருப்பதால், 2025 ஏப்ரல் முதல் பில் தேதியிலிருந்து 30 நாளுக்குள் தளத்தில் ஏற்றியே ஆக வேண்டும் என்ற நெருக்கடியும் உங்களுக்கு இருக்கிறது. பாவு, நூல், துணி வரவு ஆகிய உற்பத்திக் கணக்கு ஆக்சஸிலேயே இருக்கலாம். எது கணக்குப் புத்தகம், எது உற்பத்திக் குறிப்பு என்று கோடு போட வேண்டியவர் உங்கள் ஆடிட்டர். அவருடைய கருத்தை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

16 லட்சம் கொடுக்கலாமா?

மாமனார் சொல்வதில் உள்ள உண்மையை இங்கேதான் எடுத்துக்கொள்ள வேண்டும். நீங்கள் அனுப்பிய கணினித் திரையின் படங்களில் ஒன்றில், ஒரு தறிக்காரரின் கணக்கு இருந்தது. அங்குலத்துக்கு 60 பிக் (ஊடை இழை), 50 அங்குல அகலம், 40 கவுண்ட் (நூலின் மென்மையைக் குறிக்கும் எண்) ஊடை. அந்த விவரங்களை வைத்து, ஒரு மீட்டர் துணிக்கு 3,000 மீட்டர் ஊடை நூல் என்று புரோகிராம் கணக்கிடுகிறது. 40 கவுண்ட் நூல் ஒரு கிலோவுக்குச் சுமார் 67,700 மீட்டர் ஓடும் என்பதால், 1,000 மீட்டர் துணிக்கு ஏறத்தாழ 44 கிலோ ஊடை. அதன்மேல் அந்தக் கொட்டகைக்கான சேதாரம். அவருக்குக் கொடுத்த நூலிலிருந்து இதைக் கழித்து, கையிருப்பாக இன்னும் எத்தனை கிலோ இருக்க வேண்டும் என்று வலது ஓரத்தில் சிவப்பில் காட்டுகிறது. அந்தச் சிவப்பு எண்ணை வைத்துத்தான் நீங்கள் அடுத்த மூட்டை நூலைக் கொடுக்கிறீர்கள். பொதுவாக விற்கப்படும் இஆர்பி மென்பொருளுக்கு நூல் ஒரு சரக்கு, துணி இன்னொரு சரக்கு. ஒன்று எப்படி மற்றொன்றாகிறது என்பதை யாராவது கற்றுக்கொடுக்க வேண்டும். அந்தக் கற்பித்தலுக்குத்தான் 16 லட்சத்துக்கு மேலும் செலவாகும்.

எனவே விற்பனையாளர் காட்டும் மாதிரித் தரவை ஏற்காதீர்கள். உங்கள் பேரேட்டிலிருந்து பத்து உண்மைச் சம்பவங்களை எடுத்து வையுங்கள்: ஒரே பாவைப் பாதியில் இறக்கி வேறு தறிக்காரருக்குக் கொடுத்தது, ஊடை நூல் குறைந்து கூலியில் பிடித்தம் செய்தது, தீபாவளி முன்பணத்தை ஆறு தவணையில் கழித்தது, குறைத்துணி வந்து தரம் இறங்கியது போன்றவை. “இதையெல்லாம் எங்கள் கண்ணெதிரே ஏற்றிக் காட்டுங்கள்” என்று கேளுங்கள். பத்தில் எட்டை அவர் சிரமமில்லாமல் ஏற்றிவிட்டால், அந்த மென்பொருளை மதித்துப் பேசலாம். “அதெல்லாம் கஸ்டமைஸ் பண்ணிக்கலாம் மேடம்” என்ற பதில் வந்தால், அதற்கான தொகையும் நாளும் விலைப்பட்டியலில் எழுதப்பட வேண்டும். ஒப்பந்தத்தை விட்டு வெளியேறினால் முழுத் தரவும் எந்த வடிவில், எத்தனை நாளில் கிடைக்கும் என்ற வரி இல்லாத ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டாம்.

ஆக்சஸிலேயே என்றென்றும் இருந்துவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. தறிக்காரர்கள் தங்கள் பாக்கியைக் கைபேசியில் பார்க்க வேண்டும், துணிச் சோதனை நடக்கும் இடத்திலேயே பதிய வேண்டும் என்று நீங்கள் விரும்புவது நியாயமான ஆசை. ஆக்சஸ் அதற்கு ஏற்ற கருவி அல்ல. அதை எழுதத் தெரிந்த இளைஞர்கள் கிடைப்பதும் ஆண்டுக்கு ஆண்டு அரிதாகிவருகிறது. இதைவிடப் பெரிய குறையாக எனக்கு வேறெதுவும் தெரியவில்லை.

நான் பரிந்துரைக்கும் வழி, தரவை முதலில் நகர்த்துவது. மூல நிரல் கைக்கு வந்ததும், தரவுக் கோப்பில் உள்ள அட்டவணைகளை நடுவில் நின்று எழுதும் வேலையை ஒழுங்குபடுத்தும் ஒரு தரவுத்தளச் சர்வருக்கு மாற்றிவிட்டு, இப்போதுள்ள ஆக்சஸ் திரைகளை அதனோடு இணைக்கலாம். எஸ்க்யூஎல் சர்வர் எக்ஸ்பிரஸ் 2022 இலவசம், ஒரு தரவுத்தளத்துக்கு 10 ஜிபி வரை இடம் தரும். போஸ்ட்கிரஸ் என்ற இன்னொரு தரவுத்தளச் சர்வர் முழுக்க முழுக்க இலவசம். ஆக்சஸிலிருந்து எஸ்க்யூஎல் சர்வருக்கு மாற்றும் கருவியையும் மைக்ரோசாஃப்ட் இலவசமாகவே தருகிறது. உங்கள் ஆட்கள் பார்க்கும் திரை மாறாது. கோப்பு கெட்டுப்போகும் தொல்லை நிற்கும். பிறகு கைபேசித் திரையோ இணையத் திரையோ எதை எழுதினாலும் அதே சர்வரிலிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

செய்பவருக்கு மூன்று எச்சரிக்கைகளைச் சொல்லுங்கள். முதன்மைச் சாவி இல்லாத அட்டவணைகள் இணைத்த பிறகு படிக்க மட்டுமே திறக்கும். ஆம்-இல்லை வகைக் கட்டங்களில் வெற்றிடம் இருந்தால், வேறொருவர் மாற்றிவிட்டார் என்ற பொய்யான பிழைச் செய்தி வந்துகொண்டே இருக்கும். மூன்றாவது நம் ஊருக்கே உரியது: 2001-இல் உள்ளிட்ட தறிக்காரர் பெயர்கள் பழைய தமிழ் எழுத்துருவில் இருக்கின்றன, கோப்புக்குள் அவை பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகத்தான் கிடக்கும். எந்த எழுத்துரு என்று கண்டுபிடித்து ஒருங்குறிக்கு (யூனிகோடு) மாற்ற வேண்டும். அந்த எழுத்துருக்களில் ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் எழுத்துக்கு முன்னால் தட்டப்பட்டிருக்கும். ஒருங்குறியில் பின்னால் வர வேண்டும். செல்லமுத்து, பொன்னுசாமி, வேலுச்சாமி போன்ற பெயர்களை வைத்துச் சோதித்துப் பார்த்தால் மாற்றம் சரியா என்று உடனே தெரிந்துவிடும்.

எந்த வழியில் போனாலும், பழையதையும் புதியதையும் சேர்த்து ஓட்டுங்கள். எவ்வளவு காலம் என்று கேட்டால், ஐடிசி-04 என்ற ஜிஎஸ்டி படிவத்தை ஒருமுறை தாக்கல் செய்யும் வரை என்பேன். விற்றுமுதல் 5 கோடிக்கு மேல் உள்ளவர்கள் கூலி வேலைக்கு அனுப்பிய சரக்கின் கணக்கை ஆறு மாதத்துக்கு ஒருமுறை தாக்கல் செய்கிறார்கள். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரையிலான கணக்குக்கு அக்டோபர் 25 கடைசி நாள். அனுப்பிய நூல் ஓராண்டுக்குள் திரும்பாவிட்டால், அனுப்பிய நாளிலேயே விற்றதாகக் கருதி வரி கேட்பார்கள். ஆகவே அந்தப் படிவத்தை இரண்டு மென்பொருளிலிருந்தும் எடுத்து, 140 பேரின் கையிருப்பும் கிலோவுக்குக் கிலோ ஒத்துப்போன பிறகுதான் பழையதை நிறுத்த வேண்டும். நிறுத்திய பிறகும் அதை அழித்துவிடாதீர்கள். கம்பெனிச் சட்டப்படி 8 நிதியாண்டுக் கணக்குகள் இருக்க வேண்டும், ஜிஎஸ்டி ஆவணங்கள் ஆண்டு அறிக்கையின் கடைசித் தேதியிலிருந்து 72 மாதங்கள் இருக்க வேண்டும். 32 பிட் ஆபிஸோடு ஒரு கணினியை இதற்காகவே ஒதுக்கி வையுங்கள்.

இதில் எது முதலில் என்றால், ஓசூர்ப் பயணம்தான். ஃபோனில் பேசி முடித்துவிடாமல், நீங்களும் மாமனாரும் நேரில் போய்ப் பாருங்கள்; கணவர் கோபத்தில் பேசியதை மாமனார் ஒரு வார்த்தையில் சரிசெய்துவிடுவார் என்று நம்புகிறேன். பத்திரத்தையும் தொகையையும் பற்றிப் பேசிய பிறகு, ஒரு மடிக்கணினியையும் ஒரு நோட்டையும் வைத்துக்கொண்டு அவரோடு இரண்டு நாள் உட்காருங்கள். ஒரு கொட்டகைக்குச் சேதாரம் 2 சதவீதம் என்றும், அதே ஊரில் உள்ள இன்னொரு கொட்டகைக்கு 3.5 சதவீதம் என்றும் புரோகிராம் எடுத்துக்கொள்கிறது, அது ஏனென்று இன்று அலுவலகத்தில் ஒருவருக்கும் தெரியவில்லை என்று எழுதியிருந்தீர்கள். பழைய தறிகளின் தன்மையோ, அன்றைக்கு மாமனார் கொடுத்த ஏதோ ஒரு வாக்கோ அதற்குப் பின்னால் இருக்கலாம். முதல் கேள்வியாக அதையே கேளுங்கள். இரண்டு பேரும் ஒரே அறையில் இருக்கும்போதுதான் அதற்கு முழுப் பதில் கிடைக்கும்.